ஜெனரேட்டர் ஓடிய செவ்வாய்க்கிழமை

அந்தச் சீட்டில் என் கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது. டாக்டர் எழுத்து என்று யாரும் கேலி செய்ய முடியாது. காது, மூக்கு, தொண்டைப் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சமயம். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்யவேண்டும் என்று ஒரு வெறி. 'இரு காதுகளும் இயல்பு. கேட்கும் திறன் இயல்பு.' கீழே தேதி, கையொப்பம், ரப்பர் ஸ்டாம்ப். அழைத்து வந்தவர் தமிழில் வேண்டும் என்று கேட்டதால் தமிழிலேயே எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. விஷயம்தான் தப்பு.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஐந்து நிமிடம். எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் காலை பஸ் பிடித்து வருவேன். வேலையை நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது. காது பார்க்கும் டார்ச்சை வைத்து எட்டிப் பார்த்தால் உள்ளே ஈர வெளிச்சத்தில் செவிப்பறை மின்னும் பாருங்கள், அதற்காகவே ஒரு ஆளுக்கு இரண்டு தடவை பார்ப்பேன். மக்காச்சோள அறுவடை நேரத்தில் மூக்கில் சோளத்தைச் செருகிக்கொண்டு பிள்ளைகள் வரும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றிக்கொண்டு பெரியவர்கள் வருவார்கள். சோளத்தைக் கொக்கி வைத்து எடுத்து, அம்மா கையில் கொடுத்து, "இத வெதைச்சிடாதீங்க" என்று ஒரு ஜோக் அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட எனக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

வேகம் எனக்குப் பேச்சிலும் உண்டு. எதிரில் இருப்பவர் பாதி வாக்கியம் சொல்லும்போதே மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன். "உன் நாக்குல யாருடி மோட்டார் மாட்டினது?" என்று வீட்டில் அம்மா கேட்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மாதம் ஒரு தடவை லைன் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். எங்கள் ஓ.பி. ஜன்னலுக்கு நேர் பின்னால்தான் ஜெனரேட்டர். அது ஓட ஆரம்பித்தால் மேசை மேலிருக்கும் பேனா தானாக நகரும். நர்ஸ் முதல் நோயாளி வரை எல்லாரும் எல்லாரிடமும் கத்திக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கணவனும் மனைவியுமாக அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். அவருக்கு இன்னும் நாலைந்து வயது கூட. கச்சிராயபாளையம் தாண்டி மலை அடிவாரத்தில் ஊர். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. அவர் பேசியது எனக்கு விழவே இல்லை. மேசை மேல் சாய்ந்து காதை நீட்டினேன்.

"இவளுக்குக் காது கேக்குதா இல்லியான்னு பாத்து எழுதிக் குடுங்க, டாக்டரம்மா."

"எத்தன நாளாக் கேக்கல?" என்று கத்தினேன்.

"கேக்கலன்னு நான் சொல்லலீங்க. கேக்குதுன்னும் சொல்லல. அதத்தான் உங்களப் பாக்கச் சொல்றேன்."

அவளைப் பார்த்துக் கேட்டேன். "இன்னாம்மா வேல பாக்கறீங்க?"

"மாவு மில்லுலங்க," என்றாள். கேட்டவுடனே பதில். அவள் வாயசைவை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு மெதுவான குரல்.

டார்ச் வைத்துப் பார்த்தேன். இரண்டு செவிப்பறையும் பாடப் புத்தகப் படம்போல இருந்தன. அழுக்கு இல்லை, ஓட்டை இல்லை, சீழ் இல்லை. கேட்கும் திறனை அளக்கிற மெஷின் இருக்கும் அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. "கரண்டு வர ரெண்டு மணி ஆவுங்க மேடம்," என்று நர்ஸ் கத்தினாள். வெளியே நீள வரிசை. நான் எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஒவ்வொரு சொல்லாகக் கத்திச் சொன்னேன். பன்னெண்டு. தீப்பெட்டி. வாழக்கா. முப்பத்தி ஏழு. அவள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். தட்டினால் ரீங்கரிக்கும் அதிர்வுக் கவை, அதாவது காதைச் சோதிக்கும் டியூனிங் ஃபோர்க், இழுப்பறையில்தான் கிடந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

அவர் சீட்டை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரிங்க," என்றார். அவளைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்விட்டார். அவள் வாசலில் நின்று என்னிடம் ஏதோ கேட்டாள். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "ஒன்னுமில்லம்மா, நல்லா இருக்குது!" என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கல்வராயன் மலை மேல் முகாம் நடத்துவோம். அன்றைக்கு என் முறை. ஆஸ்பத்திரி வேன் பழுதாகிவிட்டதால் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தால் ரோடு முழுக்க நம்முடையது.

பஸ் கிளம்பும்போது சாக்கில் சுற்றிய ஏதோ வட்டமான பொருளோடு ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாவு மில் அக்காதான். மில் சல்லடை கிழிந்துவிட்டதாம்; புது வலை மாட்டிக்கொண்டு போகிறாளாம்.

நான் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன். மில்லில் என்னென்ன அரைப்பார்கள், சாமை மலை மேலிருந்து வருமா, மிளகாய் அரைத்தால் தும்மல் வராதா. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். என்ஜின் உறுமலுக்கு நடுவே நான் அவள் வாயருகே காதைக் கொண்டு போகவேண்டியிருந்தது; அவளோ நிமிர்ந்து உட்கார்ந்தபடியே எல்லாம் கேட்டாள். பின்னால் கண்டக்டர் யாரோ பெரியவரிடம், "கோழிக்கும் டிக்கெட் எடுக்கணும் தாத்தா, அது நின்னுக்கினா வருது?" என்று சொன்னதற்கு என்னைவிட முதலில் சிரித்தவள் அவள்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பார்த்தாயா, எழுதிக்கொடுத்தது சரிதான் என்று.

"காது எப்பிடி இருக்குது அக்கா?"

"பஸ்ல நல்லாக் கேக்குதுங்க. மில்லுலயும் நல்லாக் கேக்குது. வூட்டுலதாங்க ஒன்னும் கேக்க மாட்டுது."

நான் சிரித்துவிட்டேன். அது மட்டுமில்லை, பதிலும் தயாராக வைத்திருந்தேன். "வூட்டுல எனக்கும்தான் கேக்காது. எங்கம்மா வேல சொல்ல ஆரம்பிச்சா சுத்தமாக் கேக்காது."

மரியாதைக்கு அவளும் சிரித்தாள். சல்லடையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவரும் அப்பிடித்தாங்க நெனச்சிக்கினு இருக்காரு. அன்னிக்கி நீங்க எழுதிக் குடுத்தீங்க இல்ல, அதுலேர்ந்து என்கிட்டப் பேசறதே இல்லீங்க. முன்ன கோவத்துலயாச்சும் நாலு வார்த்த பேசுவாரு. இப்ப பெரியவன்கிட்டச் சொல்லி அனுப்பறாரு. 'உங்கம்மாவச் சோறு போடச் சொல்லு'ன்னு. அந்தச் சீட்ட எந்தச் சட்ட போட்டாலும் பையில மாத்தி வெச்சிக்கிறாரு."

"அவரு ரொம்பக் கத்துவாரா?"

"அய்யோ, அவரா? அவரு சண்ட போட்டாக்கூடப் பக்கத்து வூட்டுக்குக் கேக்காதுங்க." சல்லடையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "அன்னிக்கி வாசப்படில நின்னு உங்களக் கேட்டனே. 'நல்லாக் கேக்குதுன்னா வூட்டுல மட்டும் ஏங்க கேக்கல'ன்னு. நீங்க ஒன்னுமில்லன்னுட்டீங்க."

மனசு சரியில்லாவிட்டால் சில சமயம் காது கேட்காததுபோல இருக்கும் என்று ஏதோ ஒரு வியாக்கியானத்தை ஆரம்பித்தேன். அதற்குள் கச்சிராயபாளையம் வந்துவிட்டது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார்.

பஸ்ஸுக்குள் திடீரென்று அமைதி. யாரோ வேர்க்கடலை உரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பேச்சை மாற்றலாம் என்று, "சின்னவனுக்கு எத்தன வயசு அக்கா?" என்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நியாயம்தானே. கொஞ்சம் குழைவாக இன்னொரு தடவை கேட்டேன். அவள் சாக்கைப் பிரித்துச் சல்லடை வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது பின் சீட்டு அம்மாவே, "உன்னத்தாம்மா கேக்கறாங்க!" என்றார். அப்போதும் இல்லை. தோளைத் தொட்டேன். திரும்பி, என் முகத்தைப் பார்த்து, "கூப்டீங்களா?" என்றாள்.

தேர்வில் வாய்மொழிக் கேள்விக்கு நான் மூச்சுவிடாமல் ஒப்பித்த பதில் ஒன்று உண்டு. இந்த நோயில் செவிப்பறை பார்க்க நன்றாக இருக்கும். இளம் வயதுப் பெண்களுக்கு அதிகம் வரும். பிள்ளை பெற்ற பிறகு கூடும். அமைதியான இடத்தில் கேட்காது, இரைச்சலில் நன்றாகக் கேட்கும். தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசுவார்கள். என்னைக் கேள்வி கேட்டவர் போதும் போதும் என்று கையைக் காட்டிய பிறகும் சொல்லிக்கொண்டே போனவள் நான். இப்போது அந்தப் பதில் மொத்தமும் மடியில் சல்லடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பையைக் கவிழ்த்து அதிர்வுக் கவையை எடுத்தேன். முழங்கையில் தட்டி அவள் காதுக்கு முன்னால் பிடித்தேன். அவள் காத்திருந்தாள், அப்புறம் உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி தட்டி, அதன் காம்பை அவள் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் ஊன்றினேன்.

அவள் கண் விரிந்தது. "உள்ள மணி அடிக்குதுங்க!"

டீ கிளாஸோடு ஏறிய கண்டக்டர் எங்களைப் பார்த்து நின்றார். "இன்னா டாக்டரம்மா, பஸ்லயே சாமி வரவெக்கிறீங்களா? அடுத்து எனக்கும் வெச்சி வுடுங்க, வூட்டுக்காரி சொல்றது எதுவும் எனக்குக் கேக்க மாட்டுது."

"உங்களுக்கு வைத்தியம் கெடையாதுங்க," என்றேன். பஸ் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து கவையை வாங்கி, நான் செய்ததுபோலவே முழங்கையில் தட்டி, இன்னொரு காதுக்குப் பின்னால் தானே வைத்துக்கொண்டாள். அது அடங்குகிறவரை அசையாமல் இருந்தாள்.

டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். என்ஜின் உறுமியதும் என் குரல் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. சின்னவனுக்கு நாலு வயதாம்; அவன் பிறந்த பிறகுதான் காது இப்படி ஆனதாம். செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் இருப்பதையும், சத்தம் வந்தால் ஒன்றையொன்று தட்டி உள்ளே கடத்துவதையும், அதில் கடைசி எலும்பு இறுகிப்போய் அசையாமல் நிற்பதையும் சொன்னேன். நரம்பு நன்றாக இருக்கிறது. அதனால்தான் எலும்பில் வைத்தபோது மணி அடித்தது. கதவுக்கீல், துரு என்று உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்: "பேரிங் புடிச்சிக்கிச்சிங்களா?"

அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

"அப்ப நான் நடிக்கலதானங்க?"

"இல்ல அக்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அத அவருகிட்ட வந்து சொல்றீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு, சல்லடையைச் சாக்கில் சுற்றத் தொடங்கினாள். என் பதில் எப்படி இருக்குமோ என்று பயந்தமாதிரி வேகவேகமாகச் சுற்றினாள்.

முகாமில் அன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்தேனோ, ஒருத்தரையும் வாக்கியத்தின் நடுவில் வெட்டவில்லை. நாலு மணி பஸ்ஸில் இறங்கி வந்து அவள் ஊரில் இறங்கிக்கொண்டேன். நிறுத்தத்துக்கு எதிரிலேயே மில். உள்ளே மோட்டாரும் பெல்ட்டும் போட்ட சத்தத்தில் தரை அதிர்ந்தது. வாசலில் நின்று, "அக்கா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே விழவில்லை. உள்ளே, முகமெல்லாம் மாவாக முதுகு காட்டி நின்றவள், "தோ வந்துட்டேங்க!" என்று திரும்பினாள். நாலு வருஷமாக அவர் பார்த்துப் பார்த்து மனசு கசந்துபோனது இந்தக் காட்சியைத்தான் என்று அப்போது புரிந்தது.

வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்து நடவுக்கு மரவள்ளிக் குச்சிகளை ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் டீ போட உள்ளே போனாள்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "அண்ணே, அன்னிக்கி நான் எழுதினது தப்பு. அக்காவுக்கு ரெண்டு காதும் சரியாக் கேக்கல."

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழியும் பதம். "இது நீங்க எழுதினதுதானங்க?"

"ஆமா."

"கையெழுத்து உங்களுதுதான?"

"ஆமாண்ணே."

"அன்னிக்கிக் கேக்குதுன்னீங்க. இன்னிக்கிக் கேக்கலன்றீங்க. நாளைக்கு வந்து இன்னா சொல்வீங்க?" அதே மெல்லிய குரல். குத்தலாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "மில்லுல நின்னு கூப்டா உடனே வரா. பஸ்ல எவன் எவன்கிட்டப் பேசறதும் கேக்குது. நான் பேசினா மட்டும் கேக்கல. எங்க பெரியப்பா செவுடுங்க. அவரு பேசினா ஊருக்கே கேக்கும். இவ பேசறது பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்கல. செவுடுன்னா கத்தித்தான பேசணும்?"

எல்லாமே சரியான கேள்விகள். அந்தச் செவ்வாய்க்கிழமை இவரை நாலு நிமிடம் பேசவிட்டிருந்தால் நோயை அவரே என்னிடம் சொல்லியிருப்பார்.

"அண்ணே, ரெண்டு காதையும் வெரலால நல்லா அடச்சிக்கினு ஏதாவது பேசுங்க."

"இன்னா பேசறது?"

"எத வேணா. குச்சி எத்தன வெட்டினீங்கன்னு சொல்லுங்க."

கத்தியைக் கீழே வைத்தார். விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டுக் காதை அடைத்துக்கொண்டார். "காலையிலேர்ந்து..." என்று ஆரம்பித்தவர் திடுக்கிட்டதுபோல நிறுத்தினார். திரும்ப ஆரம்பித்தபோது குரல் பாதியாகிவிட்டது. ஏற்கனவே மெல்லிய குரல். இப்போது உதடு மட்டும்தான் அசைந்தது.

விரலை எடுக்கச் சொன்னேன். "ஏன் மெதுவாப் பேசினீங்க?"

"தலைக்குள்ள கொடகொடன்னு கேட்டுதுங்க. கத்தறமாதிரி இருந்துது."

"அக்காவுக்கு நாள் பூரா அப்பிடித்தான் கேக்குது. அதான் மெதுவாப் பேசறாங்க. மில்லுல மோட்டார் சத்தம் அவங்களுக்கு நமக்குக் கேக்கற அளவுக்குக் கேக்காது. ஆனா அந்தச் சத்தத்துல எல்லாரும் கத்திப் பேசறோம் இல்ல, அது கேட்டுடும். வூட்டுல யாரும் கத்தறதில்ல."

அவர் இன்னொரு தடவை, நான் சொல்லாமலே, காதை அடைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பார்த்தார்.

"எப்பத்திலேர்ந்துங்க இது?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து கூடியிருக்கணும்."

அதற்குள் அவள் டீயோடு வந்து, எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தி, சொம்பிலிருந்து டம்ளரில் ஆற்றத் தொடங்கினாள். நான்கு எட்டுத் தூரம்கூட இல்லை. அவர் அந்த முதுகைப் பார்த்தபடியே பேசினார்.

"சின்னவன் பொறந்தப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போவலீங்க. அன்னிக்கின்னு பாத்து ஆலையிலேர்ந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துடிச்சி. ஆளுங்க வந்து வெட்டிக்கினு இருக்காங்க, லோடு ஏத்தணும், நான் கரும்போட நின்னுட்டேன். மூனாம் நாள்தான் புள்ளையப் பாத்தேன். அப்புறம் ஒருநாள் இவ பாத்திரம் கழுவிக்கினு இருந்தா. பின்னாடி நின்னு சொன்னேன், நான் வந்திருக்கணும், தப்புதான், மனசுல வெச்சிக்காதன்னு." கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "திரும்பிக்கூடப் பாக்கலீங்க. கழுவிக்கினே இருந்தா. சரி, மன்னிக்க மனசு வரலன்னு வுட்டுட்டேன். அதுக்கப்புறம் அதப் பத்திப் பேசல."

அவள் டீயை உயரத்தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தாள். நுரை பார்த்து ஊற்றுவதில் கவனம்.

"இப்ப நான் சொன்னதுகூடக் கேக்கலீங்களா?" என்றார்.

"கேக்கலண்ணே."

"இவ்ளோ கிட்டத்துலயா?"

"ம்."

அவர் மரவள்ளிக் குச்சி ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். என் அவசரப் புத்தி விடவில்லை. "நான் சொல்லட்டுமா அக்காகிட்ட?"

"வேணாங்க," என்றார் சட்டென்று. "நான் சொன்னதுதான அது. நானே சொல்லிக்கிறேன். காது வரட்டும்."

அவள் டம்ளரை நீட்டியபோது எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவரால் முடிந்தமட்டும் உரக்க, "சக்கர கம்மி!" என்றார். பக்கத்து வீட்டு நாய் நிமிர்ந்து பார்த்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வாரத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. சர்க்கரை எடுக்க உள்ளே போனவள் வெளியே வர ரொம்ப நேரம் ஆனது.

சீட்டைக் கிழித்துவிடலாம் என்றேன். அவர் தரவில்லை. "அதுலயே எழுதுங்க," என்றார். இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, 'மேற்கண்டது என் தவறு. மறு பரிசோதனை தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "தேதியும் போட்டுடுங்க," என்றார்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. கரண்ட் இருக்கிற நாளில், கதவு சாத்திய அறையில், மெஷின் வைத்து எடுத்த படம் நான் பஸ்ஸில் சொன்னதையே சொன்னது. காதில் மாட்டும் கருவியும் வைத்துக்கொள்ளலாம், ஆபரேஷனும் செய்யலாம், ஆபரேஷனில் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்று மூன்றையும் நிதானமாகச் சொன்னேன். அவர் காது மெஷின் பக்கம். "தலையில கத்தி வெக்காம முடிஞ்சா போதுங்க." அவள் ஆபரேஷன் பக்கம். "மெஷின மாட்டிக்கினு மில்லுல நின்னா நாலு நாள்ல மாவு அடச்சிக்கும்." கடைசியில் அவள் காது, அவள் முடிவு.

மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை எங்களிடம் வந்துபோகும் சர்ஜன் செய்தார். நான் உதவிக்கு நின்றேன். மரத்துப்போக ஊசி மட்டும்தான். அவள் பச்சைத் துணிக்கு அடியில் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மைக்ராஸ்கோப்பில் அந்த எலும்பைப் பார்த்தேன். அங்கவடி எலும்பு என்று பெயர். சாமை அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதனால்தானா இத்தனையும் என்று இருந்தது. இறுகிய பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குண்டூசி கனத்துக்கு ஒரு குட்டி பிஸ்டனை நிறுத்தி, சர்ஜன் கையை எடுத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. துணிக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"யாரோ துணிய ஒரசறாங்க."

நான்தான். பதற்றத்தில் கவுன் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

காதில் பஞ்சுத் திரி வைத்து அனுப்பினோம். முதல் இரண்டு நாள் தலைசுற்றல், அப்புறம் சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்துத் திரியை எடுக்க வந்தபோது ஜன்னலை நான் முன்கூட்டியே சாத்தி வைத்திருந்தேன். எடுத்ததும் அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். "இந்த ஃபேன் எப்பவுமே இப்பிடித்தான் கடகடன்னுமாங்க?" குரல் உயர்ந்திருந்தது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதுவரை கேட்டிராத குரல். கொஞ்சம் கரகரப்பு, நல்ல கனம்.

அவளுக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்த அவர், தன் வழக்கமான குரலில், "பஸ்ஸுக்கு நேரமாவுது," என்றார்.

"இன்னும் பத்து நிமிசம் கெடக்குது, இருங்க," என்றாள் அவள் திரும்பாமலே.

அவர் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை ரொம்ப உன்னிப்பாகப் படிக்க ஆரம்பித்தார்.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. 'சொல்லிட்டீங்களா' என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் மட்டும் வந்தாள். காது நன்றாக ஆறியிருந்தது. இன்னொரு காதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மில்லைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நாள் மூட்டை தூக்கக்கூடாது, போனாலும் காதடைப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

"ஒருநாள் எட்டிப் பாத்தேங்க. அப்பா, இன்னா இரைச்சல்! அதுல நின்னுக்கினா நான் எல்லாரு பேச்சையும் கேட்டுக்கினு இருந்தேன்? இப்ப ஒருத்தர் சொல்றதும் வெளங்கல. என்கூட வேல செய்யறவங்க வாயப் பாத்துக்கினு நின்னேன். திரும்பி வந்துட்டேன்." அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. நாலு வருஷமாக அவளுக்குப் பேச்சு இருந்த ஒரே இடம் அதுதானே.

"வூட்டுல?"

அவள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட நர்ஸ் கதவருகே வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். காத்திருந்தேன். எனக்கு அது இன்னும் கஷ்டமான வேலைதான்.

"முந்தாநேத்து பாத்திரம் கழுவிக்கினு இருந்தேங்க," என்றாள். "பின்னாடி வந்து நின்னாரு. ரொம்ப நேரம் சும்மா நின்னாரு. மூச்சு வுடறதுகூடக் கேட்டுது. அப்புறம் சொன்னாரு."

"இன்னா சொன்னாருன்னு..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டேன்.

"பழைய விசயங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி சொல்லிட்டாராம். எனக்குத் தெரியாது." மூக்கை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டாள். "எல்லாம் கேட்டுதுங்க. ஒரு வார்த்த வுடாமக் கேட்டுது. ஆனா நான் திரும்பி, 'இன்னா சொன்னீங்க? கேக்கல'ன்னேன்."

"ஏன் அக்கா?"

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லட்டுமேன்னுதாங்க."